தலை அளவும் ஒரு பெட்டித் திராட்சையும்

மற்ற வார்டுகளில் நர்ஸ் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசவில்லை என்றால் திட்டு விழும். எங்கள் வார்டில் பேசினால்தான் திட்டு விழும். திட்டுகிறவள் நான்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்குள் ஓடுகிற ரத்தக் குழாய்கள் சில ரொம்ப மெல்லிசு. பிறந்த முதல் சில நாள்களில் குழந்தை வீறிட்டு அழுதாலும், தலையை வெடுக்கென்று திருப்பினாலும், ரத்த ஓட்டம் சட்டென்று ஏறி இறங்கி அந்தக் குழாய் கசிந்துவிடலாம். அதனால் உள்ளே கதவை அறைந்து சாத்தக் கூடாது, செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது. குழந்தையைத் தொடுகிற வேலை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே தடவையில் முடித்துவிட்டு விலகிவிட வேண்டும். யார் குரல் எழும்பினாலும் நான் "ஸ்ஸ்" என்பேன். வெளியே எனக்குக் 'குக்கர் சிஸ்டர்' என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் கணக்கில் உட்கார்ந்து முதுகு வலி வாங்கினவர்களே, இந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவர்களே, நம் எல்லாருக்கும் பொதுவான கதை இது. இதில் வருவதெல்லாம் ஒரே குழந்தையால் வந்த வினை. ஏழாவது மாதமே அவசரப்பட்டுப் பிறந்த பெண் குழந்தை, ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். அப்பா ஈஸ்வரன், சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அம்மா சுகன்யா, ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இவர்களோடு ஈஸ்வரனின் அக்கா ராசாத்தி. அவருக்குக் குச்சனூர் சனீஸ்வரர் கோயில் வாசலில் எள் விளக்கு விற்கிற கடை.

கிழமை

"மூணாம் நாள் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துருவோம்" என்றார் எங்கள் குழந்தை டாக்டர். நல்ல மனுஷன்தான். ஆனால் எதைச் சொன்னாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். மூன்றாம் நாள் என்றால் சனிக்கிழமை. அதைக் கேட்டதும் ராசாத்தி அக்காவின் முகம் சுருங்கிப் போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம், சனிக்கிழமை டிஸ்சார்ஜ் வேண்டாம் என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! உடனே என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ரத்தக் கசிவு நாள் கிழமை பார்த்து வராது, ராசி நட்சத்திரம் எல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், படித்தவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏ ஆத்தா, முப்பது வருசமா சனி பகவான் வாசல்ல கடை போட்டிருக்கேன், அவருக்கா நான் பயப்படப் போறேன்? சனிக்கெழமதேன் எனக்கு யாவாரமே. புள்ளைக்கு ஸ்கேன் எடுக்கையில நான் இங்கன நிக்கணும்ல, அதேன் ஞாயித்துக்கெழமைக்கு மாத்த முடியுமான்னு யோசிச்சேன்!"

சட்டப்படி குற்றம்

ஸ்கேன் சனிக்கிழமையேதான் நடந்தது. அக்கா கடையை அடைத்துவிட்டு வந்துவிட்டார். கீழ்த்தளத்திலிருந்து ஸ்கேன் டாக்டரம்மா மெஷினைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். வழக்கமாகக் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற மெஷின். அதன் நெற்றியில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

மூளையின் இடது பக்கம் சின்னதாக ஒரு ரத்தக் கசிவு தெரிந்தது. டாக்டர் வெளியே வந்து ஈஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கசிவு தானாகக் கரைந்துவிடலாம். கரையாமல் பெரிதானால் உள்ளே நீர் கோத்துக்கொண்டு தலை வீங்கும். அப்படி வந்தால் மதுரைக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். பிற்பாடு கை கால் வளர்ச்சியையும் பாதிக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இத்தனையும் சொல்லிவிட்டுப் போனார். ஈஸ்வரனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆனால் பெற்றவர்களின் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பத்து விஷயம் சொன்னால் ஒன்றுதான் உள்ளே போகும். அவர் காதில் போனது, கரைந்துவிடலாம் என்கிற ஒன்று மட்டும்தான்.

ஸ்கேன் டாக்டரம்மா மெஷினோடு லிப்டுக்காகக் காத்து நின்றார். ஈஸ்வரன் அவரிடம் போவதும், ஸ்டிக்கரைப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார். மூன்றாவது நடைக்கு நானே போய் என்ன என்று கேட்டேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "புள்ள தலைக்குள்ள என்ன இருக்குன்னு அந்தம்மாகிட்ட இன்னொரு வாட்டி கேக்கலாமா சிஸ்டர், இல்ல அதுவும் குத்தத்துல வந்துருமா?"

சொட்டுநீர் டாக்டர்

கசிவு ஏன் வருகிறது என்பதை டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். அவர் படம் வரைந்தால் மூளைக்கும் முட்டைகோஸுக்கும் வித்தியாசம் தெரியாது. ஈஸ்வரன் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அதாவது சார், மோட்டாரப் போட்டதும் மெயின் வால்வச் சட்டுன்னு தெறந்துவிட்டா, கடைசி வரிசைல இருக்கற சொட்டுநீர் டியூப்பு பிச்சுக்கிட்டுப் போகும்ல, அந்த மாதிரித்தானே?" என்றார். டாக்டர் கடிகாரத்தை விட்டுவிட்டு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். அந்த மாதிரியேதான் என்று ஒப்புக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மயிலாடும்பாறையிலிருந்து இன்னொரு குறைமாதக் குழந்தை வந்து சேர்ந்தது. அந்தக் குழந்தையின் அப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ஈஸ்வரன் வகுப்பெடுத்தார். "புள்ள அழுதுச்சுன்னா பிரஷர் ஏறும், டியூப்பு தாங்காது. அதேன் உள்ள ஒரு சிஸ்டர் குக்கர் கணக்கா உஸ்ஸு உஸ்ஸுங்குறாக, நீங்க தப்பா எடுத்துக்கிறாதீக. கசிஞ்ச எடம் தானா அடைச்சுக்கிருச்சா, இன்னும் ஒழுகுதான்னு பாக்கத்தேன் ஸ்கேனு." அந்த ஆள் அரை மணி நேரத்தில் தெளிந்துபோய் டீ குடிக்கக் கிளம்பினார். டாக்டர் இதைக் கதவோரம் நின்று முழுவதும் கேட்டுவிட்டார். உள்ளே வந்து என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தாக் குடுத்துருங்க, நான் போயித் திராட்சைக்குத் தண்ணி பாய்ச்சுறேன்."

எந்தக் கடையில் கிடைக்கும்

பிறந்த குழந்தைக்கு உச்சிக்குழியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்க்காவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தூக்கம் வராது. ராசாத்தி அக்கா முதல் நாளே ஒரு பாட்டிலோடு வந்தார். நான் அந்தப் பாட்டிலைக் கதவருகிலேயே மறித்துவிட்டேன். தலையில் எண்ணெய் கூடாது, தலையைத் தொடவே கூடாது, தொட்டால் அப்புறம் என் கண்ணிலேயே படக் கூடாது என்றேன். அக்கா விடுகிற ஆள் இல்லை. எண்ணெய்க்குப் பதிலாகப் போடிமெட்டில் சொல்லிப் பின்னவைத்த கம்பளித் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். இரட்டைக் கம்பளி, அவ்வளவு தடிமன். குழந்தைக்குச் சூடு வேண்டும் என்பதால் அதை மட்டும் துவைத்துக் காயவைத்து உள்ளே எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் இரண்டாவது ஸ்கேன். சின்னக் குழந்தைக்கு உச்சிக்குழியில் எலும்பு மூடியிருக்காது. அந்த இடைவெளி வழியாகத்தான் மூளையைப் படம் பிடிப்பார்கள். டாக்டரம்மா தொப்பியைக் கழற்றி, உச்சிக்குழியில் ஜெல்லைப் பிதுக்கி, கருவியை வைத்து மெதுவாக அப்படியும் இப்படியும் நகர்த்தினார். கசிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தச் செய்தியோடு நான் வெளியே வந்தேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, இடுப்பில் கை வைத்து நின்றார். "எங்க எண்ணெய வேணாம்னு வெரட்டிப்புட்டு, சத்தங்காட்டாம உங்க எண்ணெய வச்சு உச்சியில தேய்க்கிறீகளாக்கும்! சரி போகட்டும், அது எந்தக் கடையில கெடைக்கும்?"

பி.டி. டீச்சர்

சுகன்யா பேசவே மாட்டாள். பால் எடுத்துக் கொண்டுவருவாள், குழந்தையைப் பார்ப்பாள், கண்ணைத் துடைப்பாள், போவாள். பன்னிரண்டு நாளாக ஒரு வார்த்தை இல்லை. இயல்பே அப்படி போலும் என்று நினைத்தேன். ஈஸ்வரன்தான் சொன்னார், மைதானத்தின் இந்த மூலையில் நின்று மைக் இல்லாமல் அந்த மூலையை நடுங்கவைக்கிற குரலாம். முதல் நாள் அவள் வாயைத் திறந்தபோது நான் போட்ட "ஸ்ஸ்" அவளை அப்படியே உறையவைத்துவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கே என் மேல் கோபம் வந்தது. கசிவு வந்த குழந்தைக்கு அமைதி வேண்டும்தான். அதற்காக அம்மாவின் குரலும் வேண்டாம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் குழந்தையை அவள் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்கவைத்தோம். அவள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தையும் இரண்டு கையையும் முஷ்டி மடக்கி, காலை விறைத்துக்கொண்டு கிடந்தது. "மெதுவா ஏதாச்சும் பேசும்மா, அவளுக்கு உன் குரல் தெரியும்" என்றேன். சுகன்யாவுக்குக் கண்ணீர் கொட்டியது. பிறகு அந்தத் துளியூண்டு காதருகில் குனிந்து, காற்றைவிட மெல்லிய குரலில் சொன்னாள்: "ஸ்டேண்ட்... அட்... ஈஸ்."

இரண்டு சென்டிமீட்டர்

கசிவு வந்த குழந்தைக்கு வாரம் ஒரு தடவை டேப்பால் தலையைச் சுற்றி அளந்து எழுதிவைப்போம். வாரத்துக்கு அரை சென்டிமீட்டர், கூடிப்போனால் ஒன்று வளர்ந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் உள்ளே நீர் கோக்கிறதோ என்று உடனே ஸ்கேன் எடுப்போம். மூன்றாவது வாரம் எனக்கு மதிய டூட்டி. காலையில் ஷீபா இருந்தாள். குமுளிக்காரி, பெரியவர்கள் ஐ.சி.யூ.வில் பல வருஷம் கைதேர்ந்தவள், எங்கள் வார்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

நான் படியேறி வரும்போதே ஈஸ்வரன் ஒரு பெட்டித் திராட்சையோடு வழிமறித்தார். வாட்ச்மேன், டீக்கடைக்காரர், லிப்டில் வந்தவர் என்று ஆளாளுக்குக் கொத்துக் கொத்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். "தெரியுமா சிஸ்டர், ஒரே வாரத்துல தலை ரெண்டு சென்டிமீட்டர் வளந்திருக்காம்! ஷீபா சிஸ்டர் சொன்னாக. புத்தி வளருது சிஸ்டர், புத்தி!" என்று என் கையில் ஒரு கொத்தைத் திணித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். "இனிக்குதா?" என்றார். "இனிக்குது" என்றேன்.

உள்ளே போனதும் சார்ட்டைப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர், ஷீபாவின் குண்டு எழுத்தில். உடனே நானே டேப்பை எடுத்தேன். டாக்டர் தடுத்தார். குழந்தை இப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது, ஸ்கேனுக்குச் சொல்லியாகிவிட்டது, எப்படியும் தொடத்தான் போகிறோம், எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் செய்வோம் என்றார். அது நான் ஊருக்கெல்லாம் போட்ட சட்டம். அதே சட்டத்தில் நான் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே ஈஸ்வரன் சிரித்துக் கையசைத்தார். நானும் சிரித்துக் கையசைத்தேன். மதுரைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று டாக்டர் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு நான் சிரித்ததில்லை.

டாக்டரம்மா வந்தார். தொப்பியைக் கழற்றி, ஜெல் வைத்து, திரையைப் பார்த்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் புருவத்தைப் பார்த்தேன். "நீர் ஒண்ணும் கோக்கலையே! கசிவு பாதிக்கு மேல கரைஞ்சுபோச்சு" என்றார். டாக்டர் திரைக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்தார். நான் டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றினேன். போன வாரத்தைவிட அரை சென்டிமீட்டர்தான் கூடியிருந்தது. திரும்பவும் சுற்றினேன், அதே அரை. வராண்டாவுக்கு வந்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஷீபாவைப் போனில் எழுப்பி, எப்படி அளந்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவள் பாதித் தூக்கத்தில் சொன்னாள்: "என்டெ சேச்சி, தலையைத் தொட்டாக் கொன்னுடுவேன்னு சொன்னது நீங்கதானே, அதான் தொப்பியைக் கழட்டாம மேலயே வச்சு அளந்தேன்!"

ருசி

போடிமெட்டுக் கம்பளி தலைச் சுற்றளவில் ஒன்றரை சென்டிமீட்டரைக் கூட்டிவிடும் என்பதை அன்றைக்குக் கண்டுபிடித்தோம். ஈஸ்வரனிடம் டாக்டர், கசிவு கரைந்துகொண்டிருக்கிறது, அளவில் ஒரு சின்னப் பிசகு, அரைதான் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவர் அதையும் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டார். குழந்தை இரண்டு கிலோ ஆனதும் வீட்டுக்குப் போனாள். ஷீபாவை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த வாரம் குழந்தையை விட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் தனியாக அளந்திருப்பாள்.

சில மாதம் கழித்து வளர்ச்சி பார்க்க மூன்று பேரும் குழந்தையோடு வந்தார்கள். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருந்தது. டாக்டர் சிவப்புப் பந்து ஒன்றை இடமும் வலமும் நகர்த்த, குழந்தையின் கண் இரண்டும் கூடவே போயின. நான் தலையை அளந்தபோது டேப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு கையாலும்; கசிவு எந்தக் கையையும் பாதிக்கவில்லை, அதுதான் எங்களுக்கு வேண்டியது. நடக்கிற வரைக்கும் தவறாமல் காட்ட வேண்டும், இப்போதைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். சுகன்யா சத்தமாகவே சிரித்தாள். உண்மையிலேயே மைதானத்துக்குக் கேட்கிற குரல்தான். நான் சும்மா இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஷீபா தொப்பிக் கதை முழுவதையும் போட்டு உடைத்துவிட்டாள். இரண்டு சென்டிமீட்டர் என்றால் நாங்கள் என்ன நினைத்துப் பயந்தோம், ஆம்புலன்ஸுக்கு ஏன் போன் போட்டோம், எல்லாவற்றையும். ராசாத்தி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்வரன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "அப்ப அன்னைக்கு நான் பழங் குடுக்கையில உங்களுக்குத் தெரியும்" என்றார். ஆமாம் என்றேன். "தெரிஞ்சுமா தின்னீக?" ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய், நாற்காலிக்கு அடியில் வைத்திருந்த பெட்டியைத் திறந்து, ஒரு கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அப்ப அன்னைக்கு ருசியே தெரிஞ்சிருக்காது சிஸ்டர். இந்தாங்க, இப்பத் தின்னுட்டுச் சொல்லுங்க, இனிக்குதா?"

இப்போதெல்லாம் எங்கள் வார்டில் தலையை அளப்பதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றுகிறோம், தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சிரித்த முகமாக நிற்கிறேன், திராட்சையை மட்டும் ஸ்கேன் முடிந்த பிறகுதான் வாங்கிக்கொள்கிறோம்.